மறுமொழி: ‘அக்விசிஷன்’ எல்லாமே கையகப்படுத்தலா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்குவதை ஆங்கிலத்தில் ‘அக்விசிஷன்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குக் கொள்முதல் என்று போடலாம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> கையகப்படுத்தல் என்று நாளிதழ்களே எழுதிவிட்டன. இனி எதற்கு இன்னொரு சொல்?

எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சொல் நம் காதில் முதலில் எங்கே விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். நான்குவழிச் சாலைக்கு நிலம் கையகப்படுத்துகிறார்கள், விமான நிலையத்துக்குக் கையகப்படுத்துகிறார்கள். முன்பு ஆர்ஜிதம் என்றார்கள். அரசு அலுவலகப் பலகையில் நில எடுப்பு என்று இருக்கும். இலங்கையில் காணி சுவீகரிப்பு. எந்தச் சொல்லானாலும் நடப்பது ஒன்றுதான்: இழப்பீடு வரும், ஆனால் ‘தருகிறாயா’ என்று யாரும் கேட்பதில்லை. 2012-ல் பேஸ்புக் 100 கோடி டாலர் விலை பேசி இன்ஸ்டாகிராமை வாங்கியபோது அங்கே இருந்தது 13 பேர். உரிமையாளர்கள் உட்கார்ந்து பேசி, சம்மதித்து விற்றார்கள். அதைக் கையகப்படுத்தல் என்று எழுதினால், நடக்காத ஒரு கட்டாயம் சொல்லோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

அதற்காக அந்தச் சொல்லைக் கைவிட வேண்டாம். அதற்கு மிகப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது. 2003 ஜூனில் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம், பீப்பிள்சாஃப்ட் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனத்தை விலைக்குக் கேட்டது. பீப்பிள்சாஃப்டின் இயக்குநர் குழு முடியாது என்றது. ஆரக்கிள் விடவில்லை. குழுவைத் தாண்டி நேரே பங்குதாரர்களிடம் போனது. அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் இதைத் தடுக்க வழக்குப் போட்டுப் பார்த்துத் தோற்றது. பங்குக்கு 16 டாலர் என்று தொடங்கிய பேரம் 26.50 டாலரில் வந்து நின்றது. மொத்தம் சுமார் 1,030 கோடி டாலர். ஒன்றரை ஆண்டு முரண்டு பிடித்த குழு 2004 டிசம்பரில் இறங்கி வந்தது. அடுத்த மாதமே, சேர்ந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 5,000 பேரை நீக்கப்போவதாக அறிவிப்பு. பணம் வந்தது, மனம் ஒப்பவில்லை. நிலம் கொடுத்தவர் கதையும் இதுதானே? ஆகவே இப்படி இயக்குநர் குழுவின் எதிர்ப்பை மீறி வாங்குவதை ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஹோஸ்டைல் டேக்ஓவர்’ என்பதற்குக் கையகப்படுத்தல் என்றே வைப்போம். முன்னால் ‘பகை’ என்று எதையும் ஒட்டத் தேவையில்லை. கைப்பற்றல் என்றும் ஒருவர் சொன்னார். அது காவல்துறை கஞ்சாவைக் கைப்பற்றுவதிலேயே ஊறிப்போன சொல், இங்கே ஒட்டாது.

சரி, சம்மதத்தோடு நடக்கும் சாதாரண வாங்கலுக்கு? வினைக்கு ‘வாங்கியது’ போதும், அதில் ஒரு குறையும் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு நான் சொன்னது கொள்முதல்.

> கொள்முதல் என்றதும் நெல் கொள்முதல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. தவிர, நிறுவனக் கொள்முதல் என்றால் நிறுவனம் செய்யும் கொள்முதல் என்றும் படிக்கலாமே?

இந்த இரண்டாவது கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. பதில் அந்த நெல்லிலேயே இருக்கிறது. நெல் கொள்முதல் என்றால் நெல்லை வாங்குவது, பால் கொள்முதல் என்றால் பாலை வாங்குவது. வாங்கும் பொருள் முன்னால் நிற்பது நமக்குப் பழகிய அமைப்பு. அதே வழியில் நிறுவனக் கொள்முதல் என்றால் நிறுவனத்தை வாங்குவது. இலங்கை நண்பர்களுக்குக் கொள்வனவு அன்றாடச் சொல். அவர்கள் நிறுவனக் கொள்வனவு என்று எழுதினால் இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. இரண்டையும் பட்டியலில் போடலாம்.

கைமாற்றம் என்ற யோசனையும் எனக்குப் பிடித்திருந்தது. ‘மூலைக் கடை கைமாறிடுச்சு’ என்று தெருவில் சொல்கிறோம் அல்லவா, அந்த வழக்கு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 2008-ல் சன் என்ற கணினி நிறுவனத்திடம் போனது. 2010 ஜனவரியில் சன்னே ஆரக்கிளிடம் போனது. இரண்டே ஆண்டில் இரண்டு முறை கைமாறியது என்று எழுதினால் எவ்வளவு இயல்பாக இருக்கிறது! ஆனால் பெயர்ச்சொல்லாக்கினால் கைமாற்றுக் கடன் குறுக்கே வருகிறது. வினையாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

இனி ‘அக்வி-ஹயர்’. பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்தை வாங்கும். அதற்கு வேண்டியது மென்பொருள் அல்ல, அதை எழுதியவர்கள். 2010 அக்டோபர் கடைசியில் பேஸ்புக் ட்ராப்.ஐஓ-வை வாங்கியது. கோப்புப் பகிரும் அந்தச் சேவை டிசம்பர் 15-ல் மூடப்பட்டது, நிறுவனர் பேஸ்புக் ஊழியர் ஆனார். 2014-ல் பெங்களூரு லிட்டில் ஐ லேப்ஸ் நிறுவனத்தையும் பேஸ்புக் இப்படித்தான் வாங்கி, அதன் குழுவைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டது.

> ஆட்சேர்ப்பு, ஆட்குறைப்பு வரிசையில் ஆட்கொள்முதல். அழகாக இல்லையா?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கை அதை எழுத மறுக்கிறது, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் பதினோரு பேர். சிறிய கிளினிக்குகளுக்கு டோக்கன் போட, பில் போட ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்களைக் கூப்பிட்டு, நிறுவனம் விற்றாயிற்று, எல்லோருக்கும் வேலை உண்டு, மென்பொருள் மட்டும் மூன்று மாதத்தில் நின்றுவிடும் என்றார்கள். சம்பளம் கூடியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று மாதமும் நான் செய்த ஒரே வேலை, ஒவ்வொரு கிளினிக்கின் நோயாளிப் பட்டியலையும் எக்செல் கோப்பாக எடுத்து அனுப்பியதுதான். ஒரு கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் அம்மா போன் செய்து, “அடுத்த மாசத்துலேர்ந்து டோக்கன் எப்படிப்பா போடறது?” என்று கேட்டார். நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவரே, “சரிப்பா, நோட்டுல எழுதிக்கறோம்” என்றார்.

அந்தப் பதினோரு பேரையும் யாரும் விலைக்கு வாங்கவில்லை. வாங்கியது நிறுவனத்தை. எங்களுக்குப் புதிய வேலை உத்தரவு கொடுத்தார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். இருவர் போடாமல் போய்விட்டார்கள். ஆட்கொள்முதல் என்றால் ஆளை வாங்கியதாகிறது. அப்படி மனிதர்களை வாங்கி விற்ற காலமும் இருந்தது, ஆகவே அந்தச் சொல்லை இங்கே புழங்கவிட எனக்கு மனம் இல்லை. ஆட்கொள்ளல் இறைவன் அடியாரை ஏற்பது, அதை அங்கேயே விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: ஆட்சேர்ப்புக் கொள்முதல். வாங்கியது நிறுவனம், நோக்கம் ஆட்சேர்ப்பு. இரண்டும் தெளிவாக இருக்கின்றன. நீளம் என்பீர்கள். ‘மென்பொருளை மூடிவிட்டு ஆட்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்’ என்று இப்போது ஒரு வரி எழுதுகிறோமே, அதைவிடக் குறைவுதான்.

இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிவிடும் ‘மெர்ஜர்’ என்பதற்கு இணைப்பு என்று பட்டியலில் இருப்பதைப் பார்த்தேன். லிங்குக்கும் இணைப்பு, மின்னஞ்சலில் வரும் கோப்புக்கும் இணைப்பு, கேபிள் இணைப்பு வேறு. நிறுவன இணைப்பு என்று முழுதாக எழுதலாமா, ஒன்றிணைவு என்று மாற்றலாமா? வங்கித் துறையில் இருப்பவர்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று சொன்னால் அந்த வரியையும் திருத்திவிடுகிறேன்.