புது கன்சோல் வருதாம், விலை இவ்வளவாம்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

திருநெல்வேலி டவுன்

கன்சோல் என்றால் டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி. சோனி கம்பெனியின் அடுத்த கன்சோலான பிளேஸ்டேஷன் 6-ஐ (பிஎஸ் 6) பற்றி மறுபடியும் பேச்சு கிளம்பிவிட்டது. நேற்று என் அக்கா மகன் வந்து ஒரு விலையைச் சொன்னான். யாருடா சொன்னது என்று கேட்டால், "லீக் ஆயிட்டு மாமா" என்கிறான். 2020-ல் பிஎஸ் 5 வந்தபோது நானும் இதே மாதிரி என் அப்பா முன்னால் போய் நின்றேன். அதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

அப்பா நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அது கொரோனா வருஷம், கல்லூரி மூடியிருந்தது. நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தேன். அந்த வருஷம் முழுக்க சோனியும் மைக்ரோசாஃப்டும், யார் முதலில் விலையைச் சொல்வது என்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு பிஎஸ் 5 பெட்டியைச் செய்யவே ஏறக்குறைய 450 டாலர் ஆகிறது என்று அந்தப் பிப்ரவரியில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு விலை சொன்னார்கள்.

செப்டம்பர் நடுவில் சோனி விலையைச் சொல்லிவிட்டது. டிஸ்க் போடுகிற மாடல் 499 டாலர், டிஜிட்டல் 399. அப்போது டாலர் எழுபத்து மூன்றரை ரூபாய். போனில் பெருக்கிப் பார்த்தேன், 36,676. வீட்டில் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிற தினசரி காலண்டர் அட்டையில்தான் அப்பா சிலிண்டர் வந்த தேதி, பால் கணக்கு எல்லாம் பென்சிலால் எழுதுவார். அதன் ஓரத்தில் நானும் 37,000 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

அப்பா பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெல யாருல சொன்னது? கடக்காரனா?"

"கம்பெனியே சொல்லிட்டாம்ப்பா. அமெரிக்காவுல."

"அமெரிக்காவுல சொன்னா நமக்கு என்னல? ஒட்டன்சத்திரத்துல தக்காளி என்ன வெலன்னு விடியக்காலமே போன்ல சொல்லிருவான். இங்க லாரி வந்து, வாடக, எறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் போட்ட பொறவுதாம்ல நம்ம வெல."

அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்திய விலை வந்தபோது அது 49,990. நான் எழுதிவைத்த கணக்குக்கு மேல் பதின்மூன்றாயிரம் ரூபாய். கஸ்டம்ஸ், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இறக்குமதி செய்கிறவர் பங்கு, கடைக்காரர் பங்கு எல்லாம் அதற்குள் இருக்கிறது. 2018 வரை அந்த ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2019 ஜனவரியில்தான் 18 ஆனது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்காவில் சொல்கிற டாலர் விலையில் அவர்கள் ஊர் விற்பனை வரிகூடச் சேராது. அதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

விலை தெரிந்த பிறகும் தேதி வரவில்லை. மற்ற நாடுகளில் நவம்பரிலேயே விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு 2021 புத்தாண்டு அன்றுதான், பிப்ரவரி 2-ம் தேதி வரும் என்று சொன்னார்கள். ஜனவரி 12 மதியம் 12 மணிக்கு ப்ரீ-ஆர்டர், அதாவது முன்பதிவு. நெட் நன்றாக இருக்கும் என்று சித்தப்பா வீட்டில் போய் உட்கார்ந்தேன். கார்ட்டில் விழுந்தது, ஓடிபி வந்தது, போட்டேன், பக்கம் அப்படியே நின்றுவிட்டது. சில நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துபோச்சு. கணக்கில் பிடித்த பணம் திரும்பி வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை, அம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

கடைசியில் 2022 ஆகஸ்டில்தான் வாங்கினேன், அதே 49,990-க்கு. அப்போதும் நண்பர்கள் தடுத்தார்கள். "ஸ்லிம் வரப்போகுது, விலை இறங்கும், பொறு" என்றார்கள். ஸ்லிம் என்றால் அதே பிஎஸ் 5-இன் மெலிந்த மாடல். அந்த நவம்பரிலேயே விலை 54,990 ஆனது. ஸ்லிம் இங்கே வந்தது 2024 ஏப்ரலில், அதே 54,990-க்கு.

மேலப்பாளையம்

டவுன்காரர் எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு நடந்தது நிண்டெண்டோ என்கிற ஜப்பான் கம்பெனியின் ஸ்விட்ச் 2 கன்சோலில்.

நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. அதனால் நமக்கென்று ஒரு விலையே கிடையாது. எம்.ஆர்.பி. கிடையாது, வாரண்டி கிடையாது, கடைக்காரர் சொல்வதுதான் விலை. 2025 ஜனவரி 16-ல் ஸ்விட்ச் 2-ஐக் காட்டினார்கள், விலை சொல்லவில்லை. 400 டாலர் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் அதையே நம்பி, ஒரு கடையில் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். "முப்பத்தஞ்சுக்குள்ள முடிச்சுத் தாறேன் தம்பி" என்றார் அந்த அண்ணாச்சி. ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் தொகையும் எழுதித் தந்தார். பில் இல்லை.

ஏப்ரல் 2-ல் விலை வந்தது, 449.99 டாலர். மரியோ கார்ட் வேர்ல்ட் விளையாட்டு தனியாக 79.99. அந்த வாரமே அமெரிக்காவில் இறக்குமதி வரி அறிவிப்பு வந்து, ஏப்ரல் 9-ல் தொடங்க வேண்டிய அவர்கள் ப்ரீ-ஆர்டரையே தள்ளி வைத்தார்கள். இங்கே அதைச் சாக்காக வைத்துக் கடையில் விலையை ஏற்றினார்கள். அமெரிக்கா தன் நாட்டுக்குள் வரும் சரக்குக்குப் போடுகிற வரி மேலப்பாளையத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. முதலில் நாற்பத்திரண்டு, அப்புறம் நாற்பத்தெட்டு, ஜூன் 5 நெருங்கும்போது ஐம்பத்தைந்து. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், "சரக்குக்குப் போட்டாச்சு" என்றார். நாலாயிரம்தான் திரும்பி வந்தது, அதுவும் வாப்பா நேரில் போய் நின்ற பிறகு.

இதற்கு நடுவில் ஒருவர் ஜப்பான் பீஸ் இருக்கிறது, சீப்பாகத் தருகிறேன் என்றார். ஜப்பானில் அப்போது 49,980 யென், நம்ம கணக்கில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். கையில் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெரிந்த பையன் ஒருவன்தான் நிறுத்தினான். அந்த விலைக்கு விற்றது ஜப்பான் நாட்டுக்கு மட்டும் என்று செய்த மாடல். அதில் மொழி ஜப்பானியம் மட்டும்தான், அக்கவுண்டும் ஜப்பான் அக்கவுண்டாக இருந்தால்தான் இணையும். எல்லா மொழியும் உள்ள மாடல் அங்கேயே அப்போது 69,980 யென். இந்த ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த கன்சோலுக்கும் இப்படிச் செய்யலாம்.

அப்புறம் துபாயில் இருக்கிற மாமா வந்தார். அங்கே கடையில் அமெரிக்க விலையைவிடக் கூடத்தான் சொன்னார்களாம், ஆனாலும் இங்கே கேட்டதைவிடக் குறைவு. திருவனந்தபுரத்தில் இறங்கினார். அப்போது இருந்த பேக்கேஜ் விதிப்படி ஐம்பதாயிரம் ரூபாய் வரைக்கும் வரி இல்லை, ஸ்விட்ச் அதற்குள் அடங்கியது. பில்லை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பெட்டியைப் பிரித்தால் சார்ஜர் முள் தட்டை. ஜங்ஷனில் எண்பது ரூபாய்க்குக் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் கெட்டுப்போனால் இங்கே யாரிடம் கொடுப்பது என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது.

தென்காசி

நான் விளையாடுகிறவள் இல்லை. என் மகன் விளையாடுவான், பன்னிரண்டாவது படிக்கிறான்.

அவன் மூன்று வருஷமாக ஒரு கன்சோலும் வாங்கவில்லை. பணம் இல்லாமல் இல்லை. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியதற்கு அவன் தாத்தா கொடுத்த பணம் போஸ்ட் ஆபீஸில் கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் "அடுத்தது வருதும்மா" என்பான். பிஎஸ் 5 வாங்கலாம் என்றால் அதைவிட வேகமான பிஎஸ் 5 ப்ரோ வருகிறது என்றான். 2024 நவம்பரில் ப்ரோ வந்தது, 699.99 டாலர். ஆனால் வந்த நாடுகளில் இந்தியா இல்லை. அதில் இருக்கிற வைஃபை 7 என்கிற புது வகை வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இங்கே அப்போது திறந்துவிடவில்லை, அதனால் என்று காரணம் சொன்னார்கள். அதற்கு முந்திய ஆறு மாதமும் அது இந்தியாவில் என்ன விலைக்கு வரும் என்று வீட்டில் தினமும் கணக்குப் போட்டது இந்தப் பிள்ளை. அறுபத்தஞ்சா, எழுபதா என்று. வராத பொருளுக்கு.

அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இப்போது பிஎஸ் 6 என்கிறான். நான் கேட்பது ஒன்றுதான். காத்திருந்தால் விலை இறங்கும் என்பது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை

அம்மா கேட்டதற்கு நான் சொல்கிறேன். வண்ணார்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஏழு வருஷம் கவுண்டரில் நின்றவன்.

முன்பெல்லாம் இறங்கும் என்பது உண்மை. பிஎஸ் 3, பிஎஸ் 4 காலத்தில் இரண்டு மூன்று வருஷம் பொறுத்தவர்களுக்கு லாபம்தான். இந்தத் தலைமுறையில் தலைகீழாகிவிட்டது. இங்கே ஏறியதை டவுன்காரர் எழுதிவிட்டார். அமெரிக்காவில்கூட 2025 ஆகஸ்டில் பிஎஸ் 5-க்கு ஐம்பது டாலர் கூட்டினார்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோல் 499 டாலருக்கு வந்தது, 2025-ல் இரண்டு தடவை ஏறி 649.99 ஆனது. வந்து ஐந்து வருஷமான பெட்டி விலை ஏறுவதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. பண்டிகை நேரத்துத் தள்ளுபடி வேறு விஷயம். அதில் சில ஆயிரம் குறையும், அதற்காகக் காத்திருப்பது நியாயம். அடுத்த மாடலுக்காகக் காத்திருந்தால் இது சீப்பாகும் என்று இனி நம்பாதீர்கள்.

மேலப்பாளையம் தம்பிக்கு ஒரு வார்த்தை. கடைக்காரருக்கும் விலை தெரியாது. எங்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து போன் வரும், அவர்களுக்கு வேறு எங்கிருந்தோ வரும். அட்வான்ஸ் பணம் அந்த மாதச் சரக்குக்குச் சுழலும். அதுதான் உண்மை, நானே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இம்போர்ட் பீஸ் முதல் பத்து நாளில் உச்ச விலையில் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது லோடு இறங்கினால் தானாகவே படியும். இரண்டு மாதம் பொறுத்துப் போனவர்கள் யாரும் என் கடையில் வருத்தப்பட்டதில்லை.

அந்த அம்மா பையனுக்குப் பரீட்சை முடிந்ததும் இப்போது இருப்பதை வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பில், இந்திய வாரண்டி இரண்டும் பார்த்து வாங்குங்கள்.

திருநெல்வேலி டவுன்

பாளையங்கோட்டை அண்ணன் சொன்னதோடு இன்னும் கொஞ்சம்.

நம்ம பையன்கள் நடுவில் "டாலருக்கு நூறு" என்று ஒரு கணக்கு ஓடுகிறது. அது காற்றில் வந்ததில்லை. பிஎஸ் 4, 399 டாலர், இங்கே 39,990. பிஎஸ் 5, 499 டாலர், 49,990. ஆனால் 2013-ல் டாலர் 62 ரூபாய் பக்கம் இருந்தபோதும் நூறு, 2020-ல் 73 ஆனபோதும் நூறு. 2025 டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டிவிட்டது. 90 ரூபாய்க்கு மேல் வரியும் வாடகையும் போட்டு நூறுக்குள் எப்படி அடங்கும்? முன்பே அது உடைந்ததுண்டு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 299 டாலர்தான், இங்கே 34,990-க்கு வந்தது. அக்கா மகன் சொன்ன விலையும் இந்த நூறு கணக்கில் வந்ததுதான், விசாரித்ததில் தெரிந்தது.

2025-ல் கம்பெனிக்காரர்கள் வாயால் சொன்னது ரொம்பக் கொஞ்சம். 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட், அடுத்த எக்ஸ்பாக்ஸுக்கு ஏஎம்டி என்கிற சிப் கம்பெனியோடு சேர்ந்து சிப் செய்கிறோம் என்றது. அக்டோபரில் சோனியின் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, ஏஎம்டியின் ஜாக் ஹுயினோடு உட்கார்ந்து, சில வருஷத்தில் வரப்போகிற கன்சோலுக்கான தொழில்நுட்பம் என்று பேசினார். பெயரும் விலையும் தேதியும் சொல்லவில்லை. நவம்பரில் வால்வ் கம்பெனி ஸ்டீம் மெஷின் என்கிற கேம் பெட்டியைக் காட்டியது, அதற்கும் அன்றைக்கு விலை சொல்லவில்லை. அதே சமயத்தில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் நிறையப் போகிறது. கன்சோலுக்குள் இருப்பதும் அதே சிப் வகைதான். செய்கிறவருக்கே அடக்க விலை நிற்காதபோது, நம்ம ஊரில் ஒருவர் ரூபாயில் துல்லியமாகச் சொல்கிறார் என்றால் நான் நம்பமாட்டேன்.

லீக் எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. சிப் என்ன, உருவம் எப்படி என்பதில் பலது உண்மையாக வந்திருக்கிறது, நானும் ஆசையாகத்தான் படிக்கிறேன். விலை மட்டும் வேறு. அதைக் கம்பெனியே கடைசி வாரம் வரைக்கும் மாற்றும்.

நேற்று சாயங்காலம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போஸ்ட் ஆபீஸில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆர்டி போட்டுக் கொடுத்தேன், அக்கா பெயரில். எந்தக் கன்சோலுக்கு என்று கேட்டான். முதிரட்டும், அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அது என்றேன். வீட்டுக்கு வந்ததும் என் அப்பாவிடம் போய் அந்த லீக் விலையைச் சொல்லியிருக்கிறான். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆரம்பித்தார்.