பெட் (சூதாட்ட) பழக்கம்: அளவு மீறிவிட்டது என்று எந்த இடத்தில் உங்களுக்கு விளங்கியது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

சுன்னாகத்தான்:
நானே தொடங்குகிறேன். சுன்னாகத்தில் சின்னதாக ஒரு போன் கடை. ரீலோட், கவர், டிஸ்பிளே மாற்றுவது, அவ்வளவுதான். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம், வியாபாரம் படுத்துக் கிடந்தது. கடைக்கு வரும் ஒரு பெடியன் தன் போனில் ஒரு விளையாட்டைக் காட்டினான். குட்டி விமானம் ஒன்று மேலே ஏறும், ஏற ஏற நாங்கள் போட்ட காசும் பெருகும். அது பறந்து மறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். 500 ரூபா போட்டேன், 1700 வந்தது. பிறகு எவ்வளவோ தோற்றிருக்கிறேன், ஆனால் அந்த 1700 மேல்தான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

தோற்பது பெரிய விசயமாகத் தெரியவில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்புத்தான் ஆளைத் தின்றது. 3000 விட்டால் அதைப் பிடிக்க 6000, அதைப் பிடிக்க மனிசியின் சீட்டுக் காசு. மொத்தக் கடன் எட்டு லட்சத்தைத் தாண்டிய பிறகும், "நான் நிதானமாகத்தான் விளையாடுகிறேன், நேரம்தான் சரியில்லை" என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

விளங்கியது நல்லூர்த் திருவிழாவில். மகள் என் தோளில். கச்சான் கடையைக் கண்டதும் கேட்டாள். 200 ரூபாதான். "வேண்டாம் அம்மா, வீட்டில் இருக்கு" என்றேன். வீட்டில் ஒன்றும் இல்லை. 200 என்றால் ஓர் ஆட்டம், அதுதான் மனதில் ஓடியது. மற்றக் கையில் போன். அந்த வீதியில் நின்றபடி எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வடமராட்சிப் பிள்ளை:
அண்ணை, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அழுதேன். நான் மற்றப் பக்கத்தில் இருந்தவள், விளையாடியது என் மனிசன். இவர் குடிக்கமாட்டார், சிகரெட் இல்லை, ஊரில் நல்ல பெயர். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தால் கிணற்றடியில் போன் வெளிச்சம் தெரியும். வேறு பெண் யாரும் இருக்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி இருந்திருந்தால் சண்டை பிடிக்கவாவது ஓர் ஆள் இருந்திருக்கும்.

பிறகு மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே இன்சூரன்ஸ் கடதாசி தேடப்போய் மூன்று அடகுச் சீட்டுகள் கிடைத்தன. என் காப்பு, மகனின் சங்கிலி, மாமியின் தோடு. கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டார், காலில் விழாத குறை. கனடாவில் இருக்கும் அவருடைய தமையன் காசு அனுப்பினார், நகை மீண்டது. ஏழாம் மாதம் திரும்பவும் அடகுக்குப் போனது. இரண்டாவது தடவையும் தமையன் அனுப்பினார். மாமி, "ஆம்பிளைப் பிள்ளை, கொஞ்சம் அப்படி இப்படித்தான்" என்றா. சரி, அவவின் தோடும் அதற்குள்தான் இருந்தது.

ஸ்காபரோ தமையன்:
தங்கச்சி, நான் உங்கள் வீட்டுத் தமையன் இல்லை, ஆனால் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். இரண்டு வேலை செய்து தம்பிக்கு அனுப்பினேன். முதலில் கடன், பிறகு கிணற்றுக்கு மோட்டர், பிறகு அம்மாவின் கண் ஒப்பரேசன். அம்மாவோடு கதைத்தபோது ஒப்பரேசன் இலவசமாகவே முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

நான் கடனை அடைத்தேன் என்று நினைத்தேன். உண்மையில் அடுத்த கடனுக்கு இடம் வெளியாக்கிக் கொடுத்திருக்கிறேன். பழைய கடன் தீர்ந்தால் கடன்காரனே திரும்பக் கொடுப்பான், "அண்ணன் இருக்கிறார்" என்று. இப்போது தம்பி கையில் ஒரு சதமும் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் டியூசன் காசு நேரே வாத்தியாருக்கு, சாமான் காசு நேரே கடைக்கு. தம்பி எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஊரில் எனக்கு "கல் நெஞ்சுக்காரன்" என்று பெயர்.

லொத்தர் மேசை:
நான் பஸ் நிலையத்துக்குக் கிட்ட லொத்தர் விற்கிறவன். என்னைத் திட்டுவீர்களோ தெரியாது. ஒருவர் தினமும் வருவார், ஒரு சீட்டு, நம்பர்கூடப் பார்க்கமாட்டார், மழை பற்றிக் கதைத்துவிட்டுப் போய்விடுவார். இன்னொருவர் பேரப்பிள்ளை பிறந்த திகதியை வைத்து நாற்பது சீட்டு வாங்கினார். அடுத்த நாள் முகத்தைப் பார்க்கவேண்டும். "ஒரு நம்பரில் தவறிப்போச்சு தம்பி" என்றார். கிட்ட வந்து தவறியது அவருக்குத் தோல்வியாகவே தெரியவில்லை, பாதி வென்றதுபோல் இருந்தார். "ஐயா, உங்களுக்கு இனி நான் விற்கமாட்டேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். இப்போது பக்கத்து மேசையில் வாங்குகிறார். என் மேசையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கணக்கு வாத்தி:
ஒரு சின்னக் கணக்கு. கசினோவில் சுழலும் ரூலெட் சக்கரத்தில், ஐரோப்பிய வகையில், 37 எண்கள். 37 எண்ணிலும் 100 ரூபா வீதம் 3700 வையுங்கள். கட்டாயம் வெல்வீர்கள். கையில் வருவது 3600. வென்றும் 100 போய்விட்டது. மற்றது, "பத்துத் தரம் வரவில்லை, இனி வந்தே ஆகவேண்டும்" என்ற நினைப்பு. சக்கரத்துக்கு நேற்று நடந்தது ஞாபகம் இருப்பதில்லை, எங்களுக்குத்தான் இருக்கிறது.

வார்ட் தாதி:
மனநலப் பிரிவில் வேலை செய்த அனுபவத்தில் எழுதுகிறேன். இது கெட்ட குணம் அல்ல, நோய். அமெரிக்க மனநல வைத்தியர்கள் 2013 இல் இதைக் குடி, போதைப்பொருள் இருக்கும் அதே பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். ஒன்பது அறிகுறிகளில் 12 மாதத்துக்குள் நாலு இருந்தால் கோளாறு என்பது அவர்களின் கணக்கு. விட்டதைப் பிடிக்க ஓடுவது, பொய் சொல்வது, மனம் நொந்த நேரத்தில் விளையாடப் போவது, குறைக்கப் பார்த்தால் எரிச்சல் வருவது, கடனை மீட்க மற்றவர்களை நம்பியிருப்பது எல்லாம் அதற்குள் வரும். மேலே எழுதியவர்களின் கதைகளிலேயே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எவ்வளவு காசு போனது என்பது அந்த ஒன்பதில் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குச் சூதாடும் உந்துதலைக் கொண்டுவரும். வீட்டில் வயதானவர் திடீரென்று லொத்தரும் பெட்டுமாகத் திரிந்தால் மருந்தெழுதிய வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, கடன் வீட்டுக்குத் தெரியவந்த அன்றிரவு ஆளைத் தனியே விடாதீர்கள். ஏச்சு, கணக்கு எல்லாம் அடுத்த நாள் பார்க்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம்.

மாமரத்தடி:
எல்லாம் சரி, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் 304 என்ற கடதாசி ஆட்டம் அடிப்பதும் சூதா? தோற்றவர் தேத்தண்ணியும் வடையும் வாங்கவேண்டும்.

சுன்னாகத்தான்:
இல்லை அண்ணை, வடை சாப்பிடுங்கோ. ஆனால் ஆட்டத்துக்குப் போகமுடியாத ஞாயிறு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருக்கால் கவனியுங்கள். எனக்குக் கரண்ட் போய் சிக்னல் இல்லாத இரவுகளில் கை நடுங்கும்.

வடமராட்சிப் பிள்ளை:
அண்ணை, இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சுன்னாகத்தான்:
பதினான்கு மாதமாக விளையாடவில்லை, இடையில் ஒருதரம் வழுக்கியதைத் தவிர. அன்றைக்கே வீட்டில் சொன்னேன், மறைத்திருந்தால் திரும்பப் போயிருப்பேன். கிளினிக் போகிறேன். பேங்க் காட்டை மனிசியிடம் கொடுத்துவிட்டேன். கடைக் காசையும் இரவே அவவிடம் கொடுத்துவிடுவேன், காலையில் 500 தருவா. கடன்காரர்கள் எல்லாரிடமும் நேரே போய் மாதம் இவ்வளவுதான் முடியும் என்று சொன்னேன். இரண்டு பேர் ஏசினார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெடியன் கடைக்கு வந்தால் ரீலோட் மட்டும் போட்டு அனுப்பிவிடுவேன்.

வடமராட்சிப் பிள்ளை:
பேங்க் காட்டைக் கொடுத்தபோது அக்கா என்ன சொன்னா?

சுன்னாகத்தான்:
ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் பின் நம்பரை மாற்றிக்கொண்டு வந்தா.