கல்யாணம் நின்றுவிட்டது. தனியாக வியட்நாம் போகலாமா?

பாமணிக்கரை:

வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம், வயது 28. ஆவணியில் நடக்க இருந்த என் கல்யாணம் நின்றுவிட்டது. ஆறு வருஷப் பழக்கம். இரண்டு வீட்டிலும் போராடிச் சம்மதம் வாங்கி, நிச்சயம் முடிந்து, பத்திரிகை வைக்க ஆரம்பித்த பிறகு அவருக்கு "கொஞ்சம் யோசிக்கணும்" என்று தோன்றியது. யோசித்து முடித்துவிட்டார். அதற்கு மேல் விவரம் வேண்டாமே.

எங்கள் தெருவில் இது தெரியாத ஆள் இல்லை. பால்காரர்கூட என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். மிச்சமான பத்திரிகைக் கட்டு, மூலையில் மஞ்சள் தடவியபடி, கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அம்மாவுக்கு எதையும் வீணாக்க மனசு வராது. ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி, காலண்டர் ஆணியில் குத்திவைக்கிறார். ஃபேன் காற்றில் அது திரும்பும்போதெல்லாம் என் பெயரும் அவர் பெயரும் தெரிகின்றன.

வேலை வீட்டிலிருந்தேதான். கல்யாணத்துக்கென்று சேர்த்த 20 நாள் லீவு அப்படியே இருக்கிறது. திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் 2023 நவம்பரிலேயே ஆரம்பித்துவிட்டார்களே, அதில் ஏறிவிடலாமா என்று இருக்கிறது. இதுவரை தனியாகத் திருப்பதிகூடப் போனதில்லை. ஒரு பெண் தனியாகப் போகலாமா? ஐப்பசியில் கிளம்பினால் சரியா? போனால் மனசு ஆறுமா?

கடைமடை:

தங்கச்சி, தப்பாக நினைக்காதே. மொழி தெரியாத ஊரில் உடம்புக்கு ஒன்று வந்தால் யார் பார்ப்பார்கள்? நவக்கிரக ஸ்தலம் ஒன்பதும் நம்மைச் சுற்றியேதான் இருக்கிறது. திங்களூரில் ஆரம்பித்துத் திருநள்ளாறில் முடித்தால் இரண்டு நாள் வேலை. லீவை வைத்துக்கொள், அடுத்த முகூர்த்தத்துக்கு ஆகும்.

வலங்கைமான் அக்கா:

கடைமடை அண்ணே, அடுத்த முகூர்த்தம் என்ற பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பெண் வியட்நாம் வரைக்கும் போகிறேன் என்கிறாள்.

தங்கச்சி, உன்னைவிட ஏழு வயது மூத்தவள், நீ என்றே எழுதுகிறேன். எனக்கு நின்றது கல்யாணம் இல்லை, முடிந்தது. விவாகரத்துத் தீர்ப்பு நகல் கைக்கு வந்த அடுத்த மாதம், 2024 மாசியில், இதே வியட்நாமுக்கு 17 நாள் தனியாகப் போய்வந்தேன்.

முதலில் ஐப்பசி விஷயம். வேண்டாம். நமக்கு அடைமழை பெய்கிற அதே ஐப்பசி கார்த்திகையில்தான் நடு வியட்நாமில் ஹோய் ஆன், ஹுவே எல்லாம் வெள்ளத்தில் நிற்கும். மழையில் நனைய நீடாமங்கலமே போதும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ அவர்களுடைய புத்தாண்டு 'தெத்' வரும். அப்போது ரயிலில் இடம் கிடைக்காது, பாதிக் கடை மூடியிருக்கும். அது கழிந்து போ.

விசா ஆன்லைனில்தான். ஒரு முறை நுழைய 25 டாலர். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் வில்லங்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் எப்படி விரிந்திருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அப்படியே போடு. அரசாங்கத் தளம் மாதிரியே காட்டிக்கொண்டு கூடுதல் காசு பிடுங்குகிற தளங்களும் உண்டு. எனக்கு 2,300 ரூபாய் போனது.

சரி, மனசு ஆறுமா என்று கேட்டாயே. சைகோனில் முதல் மூன்று நாள் ஆறவில்லை. பகலெல்லாம் பரவாயில்லை, சாலையைக் கடக்கவே முழு உயிரும் வேண்டியிருக்கும். அத்தனை மோட்டார் சைக்கிள். நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக நடந்தால் அவர்களே ஒதுங்கிப் போவார்கள். ஆறு மணிக்கு மேல் அறைக்கு வந்து ஓசி வைஃபையில் பழைய போட்டோவைப் பார்த்து அழுதேன். அழுவதற்கு அறை வாடகை வேறு.

அப்புறம் அந்தக் கேள்வி. 'கல்யாணம் ஆயிடுச்சா' என்று யாரும் கேட்காத ஊர் என்று நினைத்துப் போனேன். அங்கே சந்தித்த இரண்டாவது நிமிஷமே கேட்கிறார்கள்! அவர்கள் பாஷையில் நம் 'நீ', 'நீங்கள்' மாதிரி பொதுவாக ஒரு சொல் புழங்குவதில்லை. வயதைப் பார்த்து அக்கா, தங்கை, அண்ணன், அத்தை என்று முறை வைத்தே பேச வேண்டும். அதனால் முதலில் வயதைக் கேட்பார்கள், அடுத்து கல்யாணம். கான் தோ என்ற ஊரில் நான் தங்கிய வீட்டுப் பாட்டி கூகுளில் மொழிபெயர்த்துக் காட்டிக் கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று தலையாட்டினேன். பாட்டி என் கையைப் பிடித்து, "சுஅ" என்று சொல்லு என்றது. இந்தக் கேள்விக்கு அவர்கள் 'இல்லை' என்று சொல்வதில்லையாம், 'சுஅ'. இன்னும் இல்லை. ஆகியிருந்தால் 'ரோய்', ஆயிற்று. எனக்கு இரண்டுமே பொருந்தும்தானே? ஒருநாள் 'ரோய்' சொல்லிப் பார்த்தேன், எத்தனை குழந்தை என்றார்கள். மறுபடி 'சுஅ'வுக்கே திரும்பிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் வாக்கில் பஸ் ஸ்டாண்டு எங்கே என்று சொல்வது மாதிரி அதைச் சொல்ல வந்துவிட்டது.

கான் தோ கட்டாயம் போ. மீகாங் ஆற்று டெல்டா. நெல், வாழை, தென்னை, திரும்பின பக்கமெல்லாம் வாய்க்கால். நம் ஊர்தான், ஆனால் ஆற்றில் தண்ணீர் இருக்கும். ஜூன் 12 எப்போது வரும், மேட்டூர் திறப்பார்களா என்று காத்திருக்கிற நமக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் வயிறு எரியும். விடியற்காலை ஐந்தரைக்குக் காய் ராங் படகுச் சந்தை. முன்புபோல் இல்லை, படகுகள் குறைந்துவிட்டன என்று ஓட்டியவர் புலம்பினார். ஒவ்வொரு படகிலும் ஒரு மூங்கில் கழி நட்டிருக்கும். அன்னாசி விற்றால் அதில் அன்னாசி தொங்கும், பூசணி விற்றால் பூசணி. ஒரு கழியில் வெறும் ஓலை தொங்கியது. ஓலைக்கு என்ன விலை என்று கேட்டேன். ஓட்டியவர் சிரித்துவிட்டார். ஓலை தொங்கினால் அந்தப் படகையே விற்கிறார்கள் என்று அர்த்தமாம். அந்தப் படகில் ஒரு அம்மா உட்கார்ந்து பானை தேய்த்துக்கொண்டிருந்தது. வீடே அதுதான். எங்கள் படகு அடுத்த வளைவு திரும்பும் வரை அந்த அம்மா தலை நிமிரவில்லை.

கடைசி நாள் சைகோனில் மாரியம்மன் கோயில். பென் தான் மார்க்கெட் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் தமிழ் வியாபாரிகள் கட்டியது. வந்து கும்பிடுவதெல்லாம் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள்தான். கருவறைக்குப் பின்னால் கல் சுவரில் நெற்றியை ஒட்டி, சுவரிடமே முணுமுணுவென்று வேண்டிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனியில், செத்துப் பிழைத்தவர்கள் பிணம் மாதிரிப் பாடையில் படுத்து வந்து நேர்த்திக்கடன் முடிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்குச் சுவரில் நெற்றி வைக்கவா கூச்சம்? வைத்தேன். கல் ஜில்லென்று இருந்தது. என்ன கேட்பது என்று தெரியவில்லை, பின்னால் வரிசை வேறு. நகர்ந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு 'சாய்' என்று பலகை போட்ட கடையைத் தேடு, சைவம். அமாவாசை, பௌர்ணமியில் கூட்டம் அம்மும். மற்ற கடைகளில் காய்கறியிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். 20 ஆயிரம் டாங் நோட்டும் 5 லட்சம் நோட்டும் ஒரே நீலம், வெளிச்சத்தில் பார்த்துக் கொடு. சைகோனில் சாலை ஓரம் நின்று போன் பேசாதே, வண்டியில் வந்து பறித்துக்கொண்டு போவார்கள். ராத்திரி ரயில் எனக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை.

கும்பகோணம் டவுன்:

அக்கா எழுதியது சரி. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. நானும் இதே மாதிரி ஒரு காரணத்துக்காக 12 நாள் வடக்கே மலைப்பக்கம் போனேன். நாலாம் நாள் டவர் கிடைத்ததும் அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்துத் திட்டு வாங்கினேன். 48 ஆயிரம் செலவு. போவதாக இருந்தால் அந்த நம்பரை முதலில் அழித்துவிட்டுப் போங்கள். மனப்பாடமாகத் தெரியும் என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பாமணிக்கரை:

மனப்பாடம்தான் :(

அக்கா, ரொம்ப நன்றி. மாசிக்கே தள்ளிவிட்டேன். நேற்று அம்மாவிடம் சொன்னேன். சத்தம் போடுவார் என்று பயந்தேன். "அங்கே சோறு கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

வலங்கைமான் அக்கா:

மூன்று வேளையும் சோறுதான் என்று சொல்லிவிடு. நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுவார், பாட்டிலைக் கைப்பையில் வைக்காதே. என்னுடையதைத் திருச்சியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.