கொரோனா காலத்து நிவாரணம்: பிரதேச சபை உண்மையில் என்ன செய்தது?

வலிகாமத்துப் பொடியன்:

வணக்கம். 2025 மே தேர்தலில் புதிதாக வந்த எங்கள் பிரதேச சபை உறுப்பினர் ஒருவருக்கு வரவு செலவுத் திட்டத்துக்கான யோசனைகளை எழுதிக் கொடுக்கிறேன். இடர்கால நிதி என்று ஒன்றை ஒதுக்கி, அடுத்த முறை கொரோனா மாதிரி ஏதும் வந்தால் சபையே உலர் உணவு வாங்கிக் கொடுக்க வேணும் என்பது அவருடைய எண்ணம். ஊரில் வயது போனவர்களிடம் கேட்டால் "அரிசி மூட்டைக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம், அது கச்சேரி (மாவட்டச் செயலகம்) பார்க்கிற வேலை" என்று சிரிக்கிறார்கள். அந்த நேரம் நான் கொழும்பில் போர்டிங்கில் மாட்டுப்பட்டுக் கிடந்ததால் ஊரில் நடந்தது எனக்குத் தெரியாது. 2020, 2021 இல் உங்கள் பக்கத்தில் சாமான் யார் மூலம் வந்தது, யாருக்கு வராமல் போனது, சபை எதிலாவது நின்றதா? நல்லதோ கெட்டதோ, கண்டதைச் சொல்லுங்கள்.

பழைய விதானை:

தம்பி, சிரித்தவர்கள் சொன்னது பாதி சரி. விதானை என்று நீங்கள் சொல்லும் கிராம அலுவலரும், வறிய வீடுகளுக்கான அரச உதவித் திட்டமான சமுர்த்தியின் உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்தின் ஆட்கள். அதற்கு மேலே கச்சேரி, அதற்கும் மேலே கொழும்பு. சபை வேறு கொடி. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் சபையிடம் ஒப்படைத்தது பொதுச் சுகாதாரம், வீதி, பொது வசதிகள். சபைக்கு மேலே நின்று கதைக்க வேண்டிய மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது, ஆளுநர் மட்டும்தான் இருந்தார்.

2020 மார்ச் 20 பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு. அதற்கு ஐந்து நாளுக்கு முன்னர்தான் சுவிசிலிருந்து வந்த போதகர் அரியாலையில் ஆராதனை நடத்தியிருந்தார், அவருக்குத் தொற்று என்று பிறகு தெரிந்தது, அடுத்து தாவடியில் எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தின் முதல் நோயாளி. மற்ற மாவட்டங்களில் இடையிடையே ஊரடங்கைத் தளர்த்தியபோதும் எங்களுக்கு வாரக்கணக்கில் தளர்த்தவில்லை. அன்றாடம் உழைக்கும் வீடுகளில் மூன்றாம் நாளே அடுப்புப் பிரச்சினை தொடங்கிவிட்டது. ஏப்ரலில் அரசாங்கத்தின் ஐயாயிரம் ரூபா வந்தபோது அது சமுர்த்திப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது.

எனக்கு அரிசியை விடப் பெரிய தலையிடி அந்தப் பட்டியல்தான். ஒரு வளவுக்குள் தாய், கலியாணம் கட்டிய மகள், மகன் என்று மூன்று அடுப்பு எரியும், குடும்ப அட்டை ஒன்று. வாடகைக்கு இருப்பவரின் பதிவு கிளிநொச்சியில். புருஷன் விட்டுப்போன பிள்ளை தாய் வீட்டில் வந்து நிற்கும், அவளுடைய பெயர் இன்னும் மாமியார் வீட்டு அட்டையில். இவர்களை எழுதினால் மேலே கேள்வி, எழுதாவிட்டால் படலையில் சண்டை. கையெழுத்து வாங்கப் போனால் என் பேனாவைத் தொட எல்லோருக்கும் பயம், ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுப் பேனாவோடு படலைக்கு வந்து என் கொப்பியை மதிலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

தோட்டக்காரன்:

விதானை ஐயா அரிசியோடு நிற்கிறார், நான் மரக்கறிக்கு வருகிறேன். சபை நிற்க வேண்டிய இடம் சந்தை. சந்தையைக் குத்தகைக்குக் கொடுப்பது சபை, மூடுவதும் திறப்பதும் சபை. 2020 பங்குனி சித்திரையில் பீற்றூட், கோவா, பூசணி எல்லாம் தோட்டத்தில் முற்றி நிற்க, சந்தை இல்லை, தம்புள்ள லொறியும் வரவில்லை. பீற்றூட்டை மாட்டுக்குப் போட்டோம், மாடும் ஒரு அளவுக்கு மேல் தின்னாது. அதே நேரம் டவுனில் மரக்கறி விலை ஏறிக்கொண்டு போனது, இதை யாரிடம் போய்ச் சொல்ல?

எங்கள் பகுதி விளையாட்டுக் கழகப் பொடியள்தான் ஒரு வழி பண்ணினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த காசில் தோட்டத்திலேயே கிலோ கணக்கில் வாங்கி, உரப்பையில் கட்டி, லாண்ட்மாஸ்டரில் ஏற்றி ஒழுங்கை ஒழுங்கையாகக் கொடுத்தார்கள். சந்தையில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டுகிற வேலை அங்கே இல்லை. கொரோனாதான் எங்களுக்குக் கழிவில்லாமல் காசு தந்தது என்று அப்போது பகிடியாகச் சொல்வோம்.

பிறகு 2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் தொற்றுப் பரவி உடுவில் பகுதியே முடங்கியது. நெருக்கிக் கட்டிய சந்தைக்குள் அது நடக்கும் என்று எவருக்கும் தெரியும். அதனால் உங்கள் உறுப்பினர் அரிசி வாங்க முதல், எந்த மைதானத்தில் எத்தனை அடி இடைவெளியில் யார் யார் கடை போடுவது, தண்ணிப் பவுசர் எங்கே நிற்பது, குத்தகைக்காரருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று இப்பவே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் குத்தகைப் பிரச்சினையிலேயே பாதி நாள் போனது.

ஸ்காபரோ ஊர்க்காரன்:

நான் கனடாவிலிருந்து காசு அனுப்பிய பக்கம். ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் ஆட்கள், இரண்டு வட்சப் குழுக்கள், எல்லோரும் றோட்டுக்கரை வீடுகளுக்கே கொடுத்தோம், ஏனென்றால் வாகனம் அங்கேதான் போகும். உள்ளுக்குள் இருந்த குடியிருப்புகளுக்கு, சாதி சொல்லி ஒதுக்கி வைத்த பக்கங்களுக்கும் சேர்த்துத்தான், கடைசியில்தான் போனது. சில இடங்களுக்குப் போகவே இல்லை. அதைவிடக் கேவலம் படம். பை கொடுக்கும்போது ஐந்து பேர் பையைப் பிடிக்க, வாங்குகிற அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பா. அந்தப் படத்தைக் கேட்டதும் நாங்கள்தான், வேறு யாருமில்லை. இது போதாதென்று தேர்தல் வேறு. பாராளுமன்றத்தை மார்ச் தொடக்கத்தில் கலைத்தார்கள், வாக்களிப்போ தள்ளித் தள்ளி ஓகஸ்ட் 5 இல்தான் நடந்தது. இடைப்பட்ட மாதங்களில் வந்த பைகளில் எது நிவாரணம், எது பிரசாரம் என்று யாருக்குத் தெரியும்?

விதானை ஐயாவோடு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. அரசாங்கப் பட்டியல் பிழை என்று தெரிந்தும் அதையே எல்லாரும் கொப்பி பண்ணியதால்தான் விடுபட்டவர் ஒவ்வொரு முறையும் விடுபட்டார்.

பழைய விதானை:

தம்பி சொல்வது உண்மை. அந்தப் பட்டியலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் போன் வரும். விடுபட்டவர்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

சங்கக்கடை அக்கா:

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றில் வேலை செய்தவள் நான். எல்லோரும் பைக்குள் என்ன போட்டார்கள்? அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, தேயிலை, சோயா மீற். ஒரு வீட்டில் இருபது கிலோ மா சேர்ந்து வண்டு பிடித்தது, அங்கே இருந்த அம்மாவுக்கோ சர்க்கரை வருத்தம். அவவுக்கு வேண்டியிருந்தது குளிசை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, பால்மாவுக்கு வழியில்லை. பொம்பிளைப் பிள்ளைகளுக்கான துவாய் எந்தப் பையிலும் இல்லை, அதைக் கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை.

இரண்டாம் அலையில் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு அரசாங்கம் பத்தாயிரம் ரூபாவுக்கு உலர் உணவு கொடுத்தது. அதையொட்டி எங்கள் ஊர் வாசிகசாலைக்காரர் வேறு மாதிரி யோசித்தார்கள். காசைச் சங்கக்கடையில் கட்டிவிட்டு, வீட்டுக்கு ஒரு துண்டு (கூப்பன்) கொடுத்தார்கள். மூவாயிரம் ரூபாவுக்கு உட்பட்டுத் தேவையானதைப் போனில் சொல்ல, நாங்கள் கட்டி வைப்போம், கழகப் பொடியள் கொண்டுபோய்ப் படலையில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு வருவார்கள். யார் துண்டுக்கு வாங்கினார்கள், யார் கைக்காசுக்கு வாங்கினார்கள் என்று ரோட்டில் போகிறவருக்குத் தெரியாது. மானம் மிஞ்சியது. சிகரெட்டும் சோடாவும் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தோம், அதற்கும் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள், அது வேறு கதை.

டவுன்காரன்:

ஒருவரும் சொல்லாததைச் சொல்கிறேன். குப்பை. தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டின வீட்டுக் குப்பையை அள்ளியது சபைகளின் தொழிலாளர்கள், அதில் பலர் நாட்கூலி. 2021 ஓகஸ்ட், செப்டெம்பரில் நாடு மறுபடி முடங்கிச் சாவு கூடியபோது மாநகரசபையின் கோம்பயன்மணல் மயானத்தில் வேலை செய்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். அரிசி கொடுக்க நூறு சங்கம் வரும், இந்த வேலைக்கு வேறு யார் வருவார்கள்? நிதி ஒதுக்குவதென்றால் முதலில் கையுறை, சப்பாத்து, அவர்களுக்கு ஒரு காப்புறுதி.

வலிகாமத்துப் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி. அரிசி வாங்கும் யோசனையைக் கைவிடச் சொல்லப் போகிறேன். சந்தை மைதானம், தொழிலாளர் பாதுகாப்பு, பிறகு துண்டு முறை, இந்த மூன்றையும் எழுதுகிறேன். சபைக் காசை இப்படிச் செலவழித்தால் கணக்காய்வில் பிடிப்பார்களா? அக்கா, சங்கக்கடை இதற்கு ஏதும் மேலதிகமாக எடுத்ததா?

பழைய விதானை:

முன்கூட்டியே சபையில் தீர்மானம் எடுத்து, உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இடர் வந்த பிறகு ஓடினால் கட்டாயம் பிடிப்பார்கள். விடுபட்டவர் பட்டியலுக்கு இப்போதிருக்கும் கிராம அலுவலரோடு வருடத்துக்கு ஒரு முறையாவது இருந்து கதையுங்கள், வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும்.

சங்கக்கடை அக்கா:

ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனால் காசு பிந்தி வந்ததால் மொத்த வியாபாரி கடன் தர மறுத்து ஒரு கிழமை இறாக்கை வெறுமையாகக் கிடந்தது. முற்பணம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.