டிரக் ரீபர்பசிங், நானோ டெலிவரி: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

வணக்கம். பழைய மருந்தை வேறு நோய்க்குப் பயன்படுத்துவது டிரக் ரீபர்பசிங்; மருந்தை நுண்துகளில் வைத்து உடலுக்குள் அனுப்புவது நானோ டெலிவரி. இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும்போது நீங்கள் கேட்டது:

> ‘மருந்து மறுபயன்பாடு’, ‘நானோ மருந்து விநியோகம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

இரண்டிலுமே சிக்கல் இருக்கிறது. மருத்துவமனையில் மறுபயன்பாடு என்றால், ஒருமுறை போட்ட ஊசியைத் திரும்பப் போடுவது என்றுதான் காதில் விழும். விநியோகம் ரேஷன் கடைக்கும் மருந்துக் கிடங்குக்கும் உரிய சொல். நாம் பேசுவதோ உடலுக்குள் நடப்பதை.

முதலாவதற்கு ‘பயன்மாற்றம்’ என்பதை முன்வைக்கிறேன். விளைநிலம் மனையாகும்போது சொல்லிப் பழகிய வழக்குதான். தாலிடோமைடு 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். கைகால் குறைபாட்டோடு குழந்தைகள் பிறந்ததால் 1961இல் திரும்பப் பெறப்பட்டது. அதே மருந்து 2006இல் அமெரிக்காவில் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. மூலக்கூறு அதேதான், நோய் வேறு.

டாக்சில், அப்ராக்சேன் என்ற நானோ மருந்துகளை இதில் சேர்க்கக் கூடாது. அவற்றில் முறையே உள்ள டாக்சோருபிசின், பாக்லிடாக்சல் இரண்டும் முன்பே புற்றுநோய் மருந்துகள். முன்னதை லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து 1995இல் ஒப்புதல் வாங்கினார்கள். பின்னதை ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு சேர்த்துச் சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கி 2005இல். இது ‘வடிவமாற்றம்’. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் கட்டுரைகள் ஏராளம் என்பதால்தான், ஒரே கூட்டுச்சொல் வேண்டாம் என்கிறேன்.

இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டிய மருந்து டைசல்ஃபிராம். குடியை நிறுத்த அமெரிக்காவில் 1951இலேயே அனுமதி பெற்றது. உடலுக்குள் அது டைஎத்தில்டைதயோகார்பமேட்டாக (இனி டிடிசி) உடைந்து செம்போடு சேர்கிறது. இந்தச் செம்புச் சேர்மம் என்பிஎல்4 என்ற புரதத்தைத் திரளச் செய்து, பழுதான புரதங்களைப் புற்றுச் செல் அப்புறப்படுத்தும் வேலையை முடக்குகிறது என்று 2017இல் காட்டினார்கள். ஆனால் டைசல்ஃபிராம் இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செம்புச் சேர்மமோ நீரில் கரையாது, நரம்பில் ஏற்ற முடியாது. மருந்தைச் சுமந்து செல்லும் துகள், அதாவது கேரியர், தேவைப்படுவது இங்கேதான். அதற்குக் ‘கடத்தி’ வேண்டாம், மின்சாரப் பாடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. ‘மருந்தேந்தி’ என்று சொல்லலாம்.

—

ஐயா, வடிவமாற்றம், மருந்தேந்தி இரண்டும் எனக்குச் சம்மதம். பயன்மாற்றம் மட்டும் இடிக்கிறது. மனையான நிலத்தில் பிறகு நெல் விளையாது. டைசல்ஃபிராமோ இன்றும் குடிநோய்க்குக் கொடுக்கப்படுகிறது, மெட்ஃபார்மின் இன்றும் சர்க்கரைக்குத்தான் முதலில் எழுதப்படுகிறது. பழைய பயன் போய்விட்டது என்ற பொருள் வராமல் இருக்க ‘மாற்றுப்பயன்’ போதும்: மாற்றுப்பயன் மருந்து, மாற்றுப்பயன் ஆய்வு.

உள்ளே மருந்து போகும் விதத்துக்கும் இரண்டு சொல் தேவை. துகள் உருவாகும்போதே மருந்து சிக்கிக்கொண்டால் ‘பொதிதல்’. ஆயத்தமான லிப்போசோமுக்குள் பின்னால் புகுந்தால் ‘ஏற்றல்’. நீங்கள் சொன்ன செம்புச் சேர்மத்தையே பாருங்கள். கொழுப்புப் படலத்தைச் செம்பு சல்பேட் கரைசலில் ஊறவைத்து, 100 நானோமீட்டர் துளையுள்ள சவ்வு வழியே பலமுறை அழுத்தித் தள்ளி, செம்பு உள்ளே இருக்கும் லிப்போசோமாக்குகிறார்கள். வெளியே தங்கிய செம்பை அகற்றிய பிறகே டிடிசி சேர்க்க வேண்டும். அது லிப்போசோமின் படலத்தைக் கடந்து உள்ளே போய்ச் செம்போடு சேர்ந்து அங்கேயே படிந்துவிடும்; இளநீலம் கரும்பழுப்பாக மாறுவது கண்ணுக்கே தெரியும். வெளியே செம்பு மிச்சமிருந்தால் சேர்மம் வெளியிலேயே உருவாகி வீழ்படிவாகும், பிறகு வடிகட்டியை அடைக்கும். கரைசல் அமிலமாக இருந்தால் டிடிசி கார்பன் டைசல்பைடாகச் சிதையும். இத்தனைக்கும் ‘அடைத்தல்’ என்று ஒரே சொல் போட்டால், படிக்கும் மாணவருக்கு எது முன், எது பின் என்று புரியாது.

அளவுகளிலும் இதே குழப்பம். துகளாக அமையும் பொருளான பாலிமர் 90 மி.கி.யோடு 10 மி.கி. மருந்து சேர்த்து, 8 மி.கி. உள்ளே போனால் ‘பொதிதிறன்’ 80 விழுக்காடு. பாலிமர் முழுவதும் துகளானது என்று வைத்தால், துகளின் எடை 98 மி.கி.; அதில் மருந்து 8, ஆக ‘மருந்துச்சுமை’ 8.2 விழுக்காடுதான். முதல் எண்ணை மட்டும் பார்த்து, நோயாளிக்கு எவ்வளவு பாலிமர் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

—

மாற்றுப்பயன், சரி. வினையாக வேண்டும்போது ‘மாற்றுப்பயன் காண்’ என்று எழுதலாம்.

டெலிவரிக்குக் ‘கொண்டுசேர்ப்பு’. முன்னால் ‘இலக்கு’ என்று வழக்கமாக ஒட்டுவதை மட்டும் நிறுத்துவோம். பத்தாண்டு விலங்காய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய துகளில் இடைநிலையளவாக 0.7 விழுக்காடுதான் புற்றுக் கட்டிக்குப் போயிருந்தது. பெரும்பங்கு போவது கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். புற்றுச் செல்லை அடையாளம் காணும் மூலக்கூறு துகளின் மேல் இருந்தால் மட்டும் ‘இலக்குநாடும்’ என்ற அடை வரட்டும். அதுவும் நாடும் என்றுதான், சேரும் என்றல்ல.

விளக்கக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: வடிவம் மாறினால் அளவும் பக்கவிளைவும் மாறும். மார்பகப் புற்றுக்குப் பழைய பாக்லிடாக்சல் உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 175 மி.கி., 3 மணி நேரம் ஏறும். அப்ராக்சேன் 260 மி.கி., 30 நிமிடம். டாக்சிலில் இதயப் பாதிப்பு குறைந்தது, ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியும் தொல்லை கூடியது. ‘பழைய மருந்துதானே, பாதுகாப்பானது’ என்று மாற்றுப்பயன் பற்றி எழுதுகிறவர்கள் நானோ வடிவத்துக்கும் அப்படியே சொல்லிவிடக் கூடாது. ‘நானோ’வை அப்படியே வைத்துக்கொள்வோம், நானோமீட்டர் அளவை எல்லோரும் அறிந்ததே.