1000 சதுர அடி வீட்டுக்கு உள்ளே மட்டும் பெயிண்ட் அடிக்க 60 ஆயிரம் போதுமா?

காவிரிக்கரை:
வணக்கம். ஸ்ரீரங்கத்தில் பத்து சதுரம் வீடு, 1998ல் அப்பா கட்டியது. இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை. உள்பக்கம் மட்டும் அடிக்க வேண்டும், வெளிச்சுவரை இப்போது தொடப்போவதில்லை. மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் மொத்தமாக 75,000 என்கிறார், இன்னொருவர் பெயிண்டோடு சேர்த்து சதுர அடிக்கு 22 ரூபாய், மூன்றாமவர் பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், எங்களுக்கு நாள் கூலி போதும் என்கிறார். எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியவில்லை. கையில் 60,000 இருக்கிறது, அதற்கு மேல் கடன் வாங்க மனசில்லை. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி பெயிண்ட் உரிந்து நிற்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. இப்போதே ஆரம்பிப்பதா, பொங்கலுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாமா?

சைட்_சூப்பர்வைசர்:
முதலில் ஒரு டேப் எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள் சார், அதற்கு முன்னால் யாரிடமும் விலை பேச வேண்டாம். 22 ரூபாய் என்பது தரை அளவுக்கு இல்லை, சுவருக்கும் சீலிங்குக்கும். 12க்கு 11 அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவர் 460, சீலிங் 132, ஆக 592 சதுர அடி. சமையலறை, குளியலறை டைல்ஸ் போக உங்கள் வீடு ஏறக்குறைய 3,200 வரும், 22 வைத்தால் 70,400. ஆனால் கதவு ஜன்னலைக் கழிக்காமல், டைல்ஸ் ஒட்டிய இடத்தையும் சேர்த்து 4,000 என்று பில் போட்டால் அதே ரேட்டில் 88,000 ஆகிவிடும். எதைக் கழிப்பார்கள், எத்தனை கோட், பட்டி (சுவரைச் சமன் செய்யப் பூசும் மாவு) வீடு முழுக்கவா ஒட்டுப்போடும் இடத்தில் மட்டுமா, கதவும் கிரில்லும் சேர்த்தியா, இவ்வளவையும் பேப்பரில் எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நாள் கூலிக் கணக்கு இப்படி வரும். டப்பாவில் போட்டிருக்கும் கவரேஜ் வழுவழுப்பான சுவருக்கானது, பழைய சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். சுவருக்கு 40 லிட்டர் பிரீமியம் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்), லிட்டர் 330 வீதம் 13,200. சீலிங்குக்கு 14 லிட்டர் சாதா வெள்ளை எமல்ஷன், சுமார் 2,400. பட்டி 40 கிலோ மூட்டை இரண்டு, 2,000. பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் பிரைமர் 1,500, கதவு கிரில்லுக்கு எனாமல் என்கிற ஆயில் பெயிண்ட், தின்னர் 2,000, உப்புத்தாள், ரோலர், டேப் எல்லாம் 1,500. ஆக பொருள் 22,600. இரண்டு பெயிண்டர் ஆளுக்கு 1,000, கையாள் 700, பன்னிரண்டு நாள் என்றால் 32,400. மொத்தம் 55,000. விலையும் கூலியும் கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும், அதற்காக மீதி 5,000த்தைத் தொடாமல் வையுங்கள். மொத்த செலவில் பாதிக்கு மேல் கூலிதான் என்பதைப் பாருங்கள். பெயிண்டில் ஒரு படி இறங்கினால் ஆறாயிரம் மிச்சமாகும், ஆனால் குழந்தை கிறுக்கினால் துடைக்க முடியாது. துடைத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். சீலிங்கில் மிச்சம் பிடியுங்கள், சுவரில் வேண்டாம்.

மாடித்தோட்டம்:
ஓதச் சுவரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அது தனிச் செலவு. மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் ஒரே மழைக்காலத்தில் கொப்பளித்து உரியும். குளியலறை டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் இறங்குகிறதா, சுவருக்குள் போகும் பைப் கசிகிறதா என்று பிளம்பரை வைத்து முதலில் பாருங்கள். கசிவு நின்ற பிறகு உப்புப் பூத்த பூச்சைக் கொத்திவிட்டு புதிதாகப் பூச வேண்டும், புதுப் பூச்சு நன்றாகக் காய நான்கு வாரமாவது விட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள், உள்பக்கம் ஈரம் கோத்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

குழந்தை இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கதவு, ஜன்னலில் இருக்கும் பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, உங்கள் கதவு அதற்கெல்லாம் முந்தியது. உலர்ந்தபடி தேய்க்க விடாதீர்கள், மெஷினும் வேண்டாம், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளே போதும். அந்த நாட்களில் குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகு கூட்டி வாருங்கள்.

தென்னூர்_பெயிண்டர்:
நான் இந்த வேலைதான் செய்கிறேன் அண்ணே. பொங்கலுக்கு முன்னால் வேண்டாம். மார்கழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், கூலியும் ஏறும், அவசரத்தில் முதல் கோட் காய்வதற்குள் இரண்டாவது கோட் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டி காயாது. மாசி, பங்குனி நல்லது, ஆடியிலும் ஆள் சுலபமாகக் கிடைக்கும்.

பொருள் நீங்கள் வாங்கினால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், டப்பாவை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பெயிண்டருக்குக் கம்பெனி ஊக்கமாகக் கொடுக்கும் டோக்கன் டப்பாவில் உண்டு, இப்போது பல கம்பெனியில் ஸ்கேன் பண்ணுவதாக வந்துவிட்டது. அது எங்களுக்கு நியாயமாக வரவேண்டியது, அதைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அதற்காக யாராவது அளவுக்கு மேல் வாங்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கலர் கலந்த டப்பாவைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதைப் பார்த்து நில்லுங்கள். அடர்ந்த கலர் கேட்டால் மூன்றாவது கோட் தேவைப்படும், அதற்குக் கூலியும் கூடும்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன், 3,150 வருகிறது. நாள் கூலிக்கே விடுகிறேன், மாசியில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். ஓதச் சுவரை இரண்டு மாதம் கழித்து அடித்தால் மற்ற மூன்று சுவரோடு கலர் ஒட்டாமல் தெரியாதா?

தென்னூர்_பெயிண்டர்:
தெரியாது அண்ணே. மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவரை முழுசாக அடிக்க வேண்டும், பாதியில் ஒட்டுப்போட்டால்தான் தெரியும். அந்த அறைக்கு வாங்கும்போதே அந்தச் சுவருக்கும் சேர்த்து ஒரே தடவையில் கலக்கி வாங்கிவிடுங்கள், மிச்சத்தை மூடி இறுக்கி வெயில் படாத இடத்தில் வைத்து ஷேடு நம்பரை மூடி மேலேயே எழுதிவிடுங்கள்.