ரிங்வேர்ல்ட்: குறை தெரிந்தும் பிடிக்கிறதே, உங்களுக்கும் அப்படியா?

வளையவாசி:
லாரி நிவன் 1970-இல் எழுதிய 'ரிங்வேர்ல்ட்' நாவலைப் பதினெட்டு வயதில் படித்தேன். ஒரு விண்மீனைச் சுற்றி, பூமியின் சுற்றுப்பாதை அளவுக்குப் பெரிய வளையம். அகலம் மட்டும் சுமார் 16 லட்சம் கிலோமீட்டர். அங்கே நின்று பார்த்தால் தரை தூரத்தில் மேலேறி, தலைக்கு மேல் வளைவாக நிற்கும். அதை நினைத்தபடி தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு.

போன மாதம் மகளிடம் கொடுத்தேன். டீலா பிரவுன் வந்ததும் கவிழ்த்து வைத்துவிட்டாள். "இவளுக்கு என் வயசு, இருபது. காதலனுக்கு இருநூறு. சரி, அது போகட்டும். இவ எதுக்குப்பா கதையில வர்றா?" அவள் அதிர்ஷ்டக்காரி, அதற்காகவே வளையத்துக்கு அழைத்துப் போகிறார்கள் என்றேன். "அப்போ தாயத்துன்னு சொல்லு" என்றாள். அப்புறம் நானும் மறுபடி படித்தேன். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த வளைவு வந்த பக்கத்தில் உடம்பு சிலிர்த்தது. இந்த மாதிரிப் புத்தகத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அரைப்புள்ளி:
குறையென்றால் முதல் அத்தியாயத்திலேயே தொடங்கலாமே! நாயகன் தன் பிறந்தநாளை நீட்டிக்க, நள்ளிரவுக்கு முன்னால் ஊர் ஊராகத் தாவுகிறான். முதல் பதிப்பில் அவன் போன திசை கிழக்கு. அப்படிப் போனால் நாள் சீக்கிரம் முடிந்துவிடும்! பிறகு மேற்கு என்று திருத்தினார்கள். பிழையுள்ள அந்தப் பதிப்பைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

வளையத்திலும் கோளாறு. கெட்டியான வளையம் மையத்திலிருந்து துளி விலகினாலும், நெருங்கிய பக்கத்தை விண்மீன் இன்னும் பலமாக இழுக்கும். விலகல் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் மோதல்தான். சனியின் வளையம் ஒரே கெட்டிப் பொருளாக இருக்க முடியாது என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859-லேயே காட்டியிருக்கிறார். 1971 உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் கோஷமாகவே போட்டார்கள். நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. 1980-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வளையத்தின் விளிம்பில் உந்து எந்திரங்களைப் பொருத்தினார். அதோடு, அவற்றில் பெரும்பாலானவற்றை யாரோ கழற்றிக்கொண்டு போனதையே கதையாக்கிவிட்டார். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

மூன்றாம்பிறை:
உங்கள் மகள் பக்கம்தான் நான். கதையில் புலி மாதிரி இருக்கும் கிசின் என்ற வேற்றுக்கிரக இனத்தில் ஆணுக்கு வீரம், பேச்சு, மானம் எல்லாம் உண்டு. பெண்ணுக்குச் சிந்தனையே கிடையாது. காலம் அப்படி என்று சொல்வீர்கள். அதே காலத்தில் இதைவிட நன்றாக எழுதியவர்களும் இருந்தார்களே. பாதியில் வைத்தேன், திரும்ப எடுக்கவில்லை.

வளையவாசி:
மூன்றாம்பிறை, மறுக்க மாட்டேன். வளையம் ஆடுகிறது என்று கத்தினார்கள், எந்திரம் வந்தது. டீலாவுக்கு எந்த எந்திரத்தைப் பொருத்துவது? அடுத்த முறை யாருக்காவது கொடுக்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்; கொடுக்காமல் இருக்க மாட்டேன்.

அரைப்புள்ளி, உங்கள் பதிலை மகளிடம் காட்டினேன். டீலாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எந்திரத்தை யார் கழட்டினாங்க?" என்று கேட்டு, இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.